மெஸ்ஸைத் திறக்கலாம், ஆனால் எந்த அளவுக்கு?

இது 2020 செப்டம்பரில், கொரோனா ஊரடங்கு தளர்ந்துவந்த நேரத்தில் எழுதியது. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள ஒரு நகராட்சியிலிருந்து ஒரு வாசகி டாக்டரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

அவருக்கு வயது 43. கணவரும் அவருமாகப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மெஸ் நடத்துகிறார்கள். ஒரே ஹால், ஆறு மேசை, 24 பேர் உட்காரலாம். மார்ச் மாதம் ஊரடங்கு வந்ததும் ஷட்டரை இறக்கியவர்கள், பிறகு பார்சல் மட்டும் கொடுத்து வந்தார்கள். ஜூன் 8-ந் தேதி முதல் பாதி இருக்கைகளோடு உட்கார்ந்து சாப்பிட அனுமதி கிடைத்தபோதும் பயந்து திறக்கவில்லை. மாடியில் 71 வயது மாமியார் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. மகள் பிளஸ் டூ. பகலில் ஆன்லைன் வகுப்பு, மாலையில் அம்மாவுக்கு உதவியாகக் கல்லாவில் உட்காருகிறாள்.

இந்த 2020 செப்டம்பர் 1 முதல் மாவட்டத்துக்குள்ளும், 7 முதல் மாவட்டம் விட்டு மாவட்டமும் பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. மலைவாசத் தலங்கள் தவிர, மாநிலத்துக்குள் போய்வர இ-பாஸ் என்ற முன் அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கும் நீங்கிவிட்டது. பஸ் நிலையத்தில் பழைய கூட்டம் திரும்புகிறது. வங்கிக் கடனுக்குத் தந்த ஆறு மாத அவகாசம் ஆகஸ்ட் 31-உடன் முடிந்தது. நகராட்சி சுகாதார ஆய்வாளர் வந்து ஒரு பக்கத் தாளைக் கொடுத்துப் போயிருக்கிறார்: பாதி இருக்கை, எல்லோருக்கும் முகக்கவசம், வாசலில் சானிடைசர், காய்ச்சல் பார்க்கும் கருவி, வருபவர்களின் பெயர், தொலைபேசி எண் எழுத ஒரு நோட்டு. மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் சொல்லியிருக்கிறார்.

இதற்கு நடுவே இன்னொரு சிக்கல். இவர்களுடைய பரோட்டா மாஸ்டருக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொற்று வந்து, பத்து நாள் கொரோனா சிகிச்சை மையத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். ஒரு மாதம் ஆகிவிட்டது, உடம்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் மற்ற இரண்டு பேர் அவரோடு நின்று வேலை செய்ய மாட்டோம் என்கிறார்கள். ‘நெகட்டிவ் சர்டிபிகேட் கொண்டு வரட்டும்’ என்கிறார் கணவர். அவரே வாசலில் மருந்து தெளிக்கும் சுரங்கம் ஒன்றை வைக்கவும் விலை கேட்டு வந்திருக்கிறார்.

கடிதத்தில் என்னை நிறுத்திய வரிகள் இரண்டு. “அரசாங்கமே திறக்கச் சொல்லுதுன்னா நோய் குறைஞ்சிருக்குன்னுதானே டாக்டர் அர்த்தம்? அப்புறம் ஏன் எனக்குப் பயம் போக மாட்டேங்குது?” இது ஒன்று. “இனிமே யாருக்காவது காய்ச்சல் வந்தா வெளியே சொல்லாம இருந்துடலாமான்னு தோணுது. சொன்னா தகரம் அடிச்சுடுவாங்க, கடைப் பேரும் போயிடும்” என்பது மற்றொன்று.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்தில் தப்பே இல்லை. ஜூன் 1-ந் தேதி தமிழ்நாடு முழுக்கச் சேர்த்து ஒரு நாள் பாதிப்பு ஆயிரத்துச் சொச்சம். மொத்தம் 23 ஆயிரம் அளவில். அதில் பெரும் பங்கு சென்னை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாளைக்கு ஆறாயிரத்தை ஒட்டி வந்து, மொத்த எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இப்போது பெரும்பாலானோர் சென்னைக்கு வெளியே, உங்கள் ஊரைப் போன்ற இடங்களில் இருக்கிறார்கள். நோய் குறைந்ததால் அரசு திறக்கச் சொல்லவில்லை. ஆறு மாதமாக வருமானம் இல்லாமல் ஜனங்கள் தாங்க முடியாத நிலை. இதற்குள் பரிசோதனைக் கூடங்களும் படுக்கைகளும் ஆக்சிஜன் வசதியும் கூடியிருக்கின்றன. இந்த இரண்டையும் வைத்து எடுத்த முடிவு இது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆணை உங்களுக்குச் சொல்வது ‘இதற்கு மேல் போகக் கூடாது’ என்ற எல்லையை மட்டும்தான். 12 பேரை உட்கார வைக்கலாம் என்றால் 12 பேரை உட்கார வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. எட்டு பேரோடு நிறுத்தலாம், பார்சலோடு நிறுத்தலாம். உங்கள் ஹாலையும் மாடியில் இருக்கிற மாமியாரையும் ஆணை எழுதியவர் பார்த்திருக்க மாட்டார். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தாளில் எதற்கு எவ்வளவு மதிப்பு

ஆய்வாளர் கொடுத்த தாளைப் பத்திரமாக வையுங்கள், எல்லாவற்றையும் செய்யுங்கள். ஆனால் எல்லாம் ஒரே அளவு காப்பாற்றும் என்று நினைத்துவிடாதீர்கள்.

காய்ச்சல் பார்க்கும் கருவியைத்தான் கடைக்காரர்கள் அதிகம் நம்புகிறார்கள். அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் முன்பே ஒருவரால் தொற்றைப் பரப்ப முடியும். பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. காலையில் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவரையும் அந்தக் கருவி விட்டுவிடும். நெற்றியில் நீட்டிவிட்டு ‘சரி, போங்க’ என்று சொல்லும்போது உங்களுக்கே ஒரு தைரியம் வந்துவிடும். அந்தத் தைரியத்தை நம்பாதீர்கள்.

தாளில் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: சித்த மருந்தான கபசுரக் குடிநீர் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதைக் குடித்தவருக்குத் தொற்று வராது என்று உறுதியாகக் காட்டும் ஆதாரம் இன்றுவரை கிடையாது. குடித்துவிட்டோம் என்று முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சுரங்கம் வேண்டவே வேண்டாம். ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் சந்தையில் வைத்தபோது ஊரெல்லாம் அதைப் பார்த்து ஆசைப்பட்டது. சில நாட்களிலேயே அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று தமிழ்நாட்டுப் பொது சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. ஏப்ரல் 18-ல் மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. தொற்று இருப்பது மூக்கிலும் தொண்டையிலும். சட்டை மேல் ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி தெளித்தால் கண் எரியும், தோல் அரிக்கும், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிழுக்கும். அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

பெயர், எண் எழுதும் நோட்டு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். யாருக்காவது தொற்று உறுதியானால் கூட இருந்தவர்களைத் தேட அது உண்மையிலேயே உதவும். ஆனால் திறந்து வைத்த நோட்டில் பெண்களின் போன் நம்பர் அடுத்து வருகிறவர் கண்ணில் படும். சீட்டில் எழுதி வாங்கி ஒரு டப்பாவில் போடுங்கள். ஒரு மாதம் வைத்திருந்து கிழித்துவிடுங்கள். சுகாதாரத் துறை கேட்டால் தவிர வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஹாலின் காற்று

தாளில் இல்லாத, ஆனால் எல்லாவற்றிலும் பெரிய விஷயம் இதுதான். முகக்கவசத்தை முழுசாகக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற பொது இடம் என்று பார்த்தால் சாப்பாட்டுக்கடைதான் முதலில் வரும். துணிக்கடையிலும் மளிகைக்கடையிலும் முகத்தை மூடிக்கொண்டே வியாபாரம் முடியும். உங்கள் கடையில் முடியாது.

சீனாவில் குவாங்சோ நகரத்து ஓட்டல் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி 24 மதியம், மூன்றாவது மாடியில், சன்னல் இல்லாத ஏசி ஹாலில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த மேசைகளில் சாப்பிட்டன. மேசைகளுக்கு இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர். நடு மேசைக் குடும்பம் முந்தின நாள்தான் வூகானிலிருந்து வந்திருந்தது. அவர்களில் ஒருவருக்கு அன்றைக்கே பிற்பகல் காய்ச்சல் தொடங்கியது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் அந்த மூன்று மேசைகளையும் சேர்த்து அவர் உட்பட பத்துப் பேருக்குத் தொற்று. பக்கத்துக் குடும்பங்களில் ஒன்று அவர்களோடு சேர்ந்து இருந்தது 53 நிமிடம், மற்றொன்று 73 நிமிடம். அதே ஹாலில் சாப்பிட்ட மற்ற 73 பேரில் யாருக்கும் வரவில்லை. பரிமாறியவர்களுக்கும் வரவில்லை. ஏசி காற்று அந்த மூன்று மேசைகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது என்பதுதான் ஆய்வு செய்தவர்கள் கண்ட விளக்கம். காற்றோட்டமில்லாத, நெரிசலான உள் அறைகளில் காற்று வழியாகவும் பரவலாம் என்பதை மறுப்பதற்கில்லை என்று ஜூலை 9-ல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது.

சானிடைசரால் இதைத் தடுக்க முடியாது. காற்றை மாற்றுவதும் நேரத்தைக் குறைப்பதும்தான் வழி. உங்கள் ஹாலைச் சோதிக்க ஒரு கருவியும் வேண்டாம். ஆள் இல்லாத நேரத்தில் ஒரு கைப்பிடி மிளகாய் வற்றலைத் தாளியுங்கள். எந்த மேசையில் கமறுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று நின்று பாருங்கள். இருமலில் வரும் நுண்துளிகளும் அந்த நெடி போலத்தான் ஹாலில் சுற்றும். நெடி தேங்குகிற மூலையில் மேசை போடாதீர்கள். ஷட்டரை முழுசாகத் தூக்கி, பின்கதவையும் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளுகிற மாதிரி வையுங்கள். ஏசி இருந்தால் மறந்துவிடுங்கள். டிவி, பாட்டு இரண்டையும் நிறுத்திவிடுங்கள். சத்தம் இருந்தால் சாப்பிடுகிறவர் கத்திப் பேசுவார், கத்தினால் அதிகம் தெறிக்கும்.

நேரம் என்று வரும்போது, உங்கள் தொழில் எனக்குத் தெரியாது என்றாலும் ஒரு யோசனை. மதியச் சாப்பாடு உட்கார்ந்து சாப்பிட்டால் அரை மணிக்கு மேல் ஆகும். சாம்பார், ரசம், மோர் என்று பரிமாறுகிறவர் ஐந்தாறு முறை பக்கத்தில் குனிவார். டிபன் கால் மணியில் முடிந்துவிடும். அதனால் ஹாலில் டிபன் மட்டும், சாப்பாடு பார்சல் மட்டும் என்று வைத்துப் பார்க்கலாமே? வாசல் பக்கத்து மூன்று மேசைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் அல்லது ஒரே குடும்பம், எதிரெதிரே வேற்று ஆள் கிடையாது. அனுமதித்த 12-ல் இது ஏறக்குறைய பாதிதான். இதில் லாபம் வருமா என்பதை ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மின்சாரம், கூடுதல் ஆள் கூலி போக ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், பேருக்காக ஹாலைத் திறந்து ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம், பார்சலையே பெருக்குங்கள். கடன் பற்றி வங்கி மேலாளரிடம் இந்த வாரமே பேசுங்கள். சிறு, குறு தொழில் கடன்களின் தவணையை மாற்றி அமைக்க ஆகஸ்ட் 6-ல் ரிசர்வ் வங்கி வழி விட்டிருக்கிறது. உங்கள் கணக்கு அதில் வருமா என்று கேளுங்கள். கடன் நெருக்கடிக்காக ஹாலை நிரப்ப வேண்டிய நிலை வந்துவிடக் கூடாது.

மாஸ்டரிடம் சான்றிதழ் கேட்காதீர்கள்

இதில் உங்கள் கணவர் தவறான இடத்தில் கவலைப்படுகிறார். லேசான தொற்று வந்தவர், அறிகுறி தொடங்கிப் பத்து நாள் கழித்து, கடைசி மூன்று நாளும் காய்ச்சல் இல்லை என்றால் மறு பரிசோதனை இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம் என்பது மே 8-லிருந்து மத்திய அரசின் விதி. அதன் பிறகு ஏழு நாள் வீட்டில் தனியாக இருக்கச் சொல்கிறார்கள். உங்கள் மாஸ்டர் இரண்டையும் தாண்டிவிட்டார். லேசான நோய் வந்தவர்களிடம் பத்து நாளுக்குப் பிறகு உயிருள்ள வைரஸை எடுத்து வளர்க்க முடிவது மிக அரிது. ஆனால் வைரஸின் செத்த துணுக்குகள் வாரக்கணக்கில் மூக்கில் தங்கலாம், ஆர்டி-பிசிஆர் பரிசோதனை அதையும் பிடித்துக்கொண்டு ‘பாசிட்டிவ்’ என்று காட்டும். அப்படிக் காட்டினால், யாருக்கும் பரப்பாத ஒரு மனிதர் இன்னும் ஒரு மாதம் கூலி இல்லாமல் உட்கார வேண்டியதுதான். தனியார் ஆய்வகத்தில் 3,000 ரூபாய் வேறு.

மறுபக்கம், இன்று நெகட்டிவ் என்று வந்த மற்ற ஊழியருக்கு நாளை மறுநாள் தொற்று இருக்கலாம். தொற்று ஏறிய முதல் சில நாள் பரிசோதனையில் தெரியவே தெரியாது. உண்மையைச் சொன்னால் இன்றைக்கு உங்கள் சமையற்கட்டில் மிகக் குறைவான ஆபத்து அந்த மாஸ்டரால்தான். மற்ற இருவரையும் உட்கார வைத்து இதை அவர் முன்னாலேயே சொல்லுங்கள். முகக்கவசம் மட்டும் அவரும் போட வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வந்ததாக ஆகஸ்ட் 24-ல் ஹாங்காங்கிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. அபூர்வம், ஆனாலும் நடந்திருக்கிறது.

மறைப்பது பற்றி

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருந்த வைத்தது இந்த இடம். கோபமில்லை. அந்த எண்ணம் வருகிற மாதிரி நாம்தான் நடந்துகொண்டோம். தொற்று வந்தவர் வீட்டு வாசலைத் தகரம் அடித்து அடைத்ததையும் ஸ்டிக்கர் ஒட்டியதையும் ஊர் வேடிக்கை பார்த்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். சொன்னால் என்ன ஆகும்? ஓரிருவருக்குத் தொற்று வந்தால், அவர்கள் கடந்த 48 மணி நேரத்தில் புழங்கிய இடங்களைக் கிருமிநீக்கம் செய்தால் போதும், முழுக் கட்டடத்தையும் மூட வேண்டியதில்லை என்பதுதான் பணியிடங்களுக்காக மே 18-ல் மத்திய சுகாதார அமைச்சகம் தந்த வழிகாட்டுதல். நகராட்சி அதைவிடக் கூடுதலாகச் சில நாள் மூடச் சொல்லலாம். அதைக் கேட்டு நடங்கள், ஆணையை எழுத்தில் கேளுங்கள். சொல்லாவிட்டால்? காய்ச்சலோடு ஒருவர் நாலு நாள் தோசை சுடுவார். அப்புறம் சமையற்கட்டு முழுக்க வரும், மாடிக்கும் ஏறும். தெரிந்தே மறைத்துப் பரப்பினால் சட்டப்படி வழக்கும் வரலாம்.

அபராதம் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1939-ஆம் ஆண்டு தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி இந்த மாதம்தான் அவசரச் சட்டம் வந்திருக்கிறது. முகக்கவசம் இல்லாவிட்டால் 200, எச்சில் துப்பினால் 500, இடைவெளி விடாவிட்டால் 500, கடைகள் நெறிமுறையை மீறினால் 5,000. கட்ட நேர்ந்தால் ரசீது வாங்குங்கள். ஊழியருக்குக் காய்ச்சல் வந்ததற்காக அபராதம் கிடையாது. அது குற்றமில்லை.

ஊழியர்கள் உங்களிடம் மறைக்காமல் இருக்க என்ன வழி என்று யோசித்தீர்களா? காய்ச்சல் என்று சொன்ன அன்றைக்கே கூலி நின்றுவிடும் என்றால் யார் சொல்வார்கள்? சட்டப்படி எவ்வளவு தர வேண்டும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். ஒரு டாக்டராக நான் சொல்வது: காய்ச்சல் விடுப்புக்குப் பாதிக் கூலியாவது உண்டு, திரும்பி வந்தால் வேலையும் உண்டு என்று இப்போதே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். சுரங்கத்தைவிட, காய்ச்சல் கருவியைவிட இது உங்களைக் காப்பாற்றும்.

மாமியார்

65 வயதுக்கு மேற்பட்டவர்களும் நீண்டகால நோய் உள்ளவர்களும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தளர்வு ஆணையிலும் எழுதியிருக்கிறது. உங்கள் மாமியார் வீட்டில்தான் இருக்கிறார். வெளியே போய்வருவது நீங்கள் மூவரும். அவருக்கு வந்தால் உங்கள் மூலமாகத்தான் வரும்.

அதனால் முதலில் மகளைக் கல்லாவிலிருந்து எடுத்துவிடுங்கள். மாலையில் உதவி குறையும், தெரிகிறது. ஆனால் கடைக்கு இறங்காத ஒரே ஆளாக அவள் மாடியில் இருந்தால், பாட்டிக்குச் சாப்பாடு தருவதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவளாலேயே முடியும். நீங்களும் கணவரும் கடையை மூடியதும் குளித்து, துணி மாற்றிவிட்டு மேலே போங்கள். அவரோடு பேசும்போது இரண்டு பக்கமும் முகக்கவசம், சன்னல் திறந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து. ஒரே அறையில் படுக்க வேண்டாம். பெரியவர் மனசு சங்கடப்படும்தான். ‘உங்களை ஒதுக்கவில்லை அம்மா, எங்களிடமிருந்து உங்களைக் காப்பாற்றுகிறோம்’ என்று உங்கள் கணவரை வைத்தே சொல்லச் சொல்லுங்கள், மகன் சொன்னால் ஏற்பது சுலபம். மொட்டை மாடி இருந்தால் சாயங்காலம் எல்லோரும் அங்கே உட்கார்ந்து பேசுங்கள், திறந்த வெளியில் ஆபத்து மிகக் குறைவு.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஒரு நாளும் விடக் கூடாது. சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் பயந்து ஆறு மாதமாகப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். காய்ச்சல், இருமல், திடீர்க் களைப்பு, வாசனை தெரியாமல் போவது, இதில் எது அவருக்கு வந்தாலும் மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனையில் பரிசோதனை எடுங்கள், கட்டணம் இல்லை. ஆக்சிமீட்டர் 95-க்குக் கீழே காட்டினால், அவர் ‘எனக்கு ஒண்ணும் இல்லை’ என்று எழுந்து நடந்தாலும், 108-க்குப் போன் செய்யுங்கள். இந்த நோயில் மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்சிஜன் இறங்குவதைப் பார்க்கிறோம். சந்தேகம் கேட்க 104 எந்த நேரமும் உண்டு.

ஹாலைத் திறப்பதாக முடிவு செய்தால், முதல் மூன்று வாரம் நான் சொன்ன மூன்று மேசையோடு நடத்துங்கள். தொற்று ஏறி அறிகுறி தெரிய 14 நாள் வரை ஆகலாம். அதற்குள் எதுவும் தெரியவில்லை என்று மேசையைக் கூட்டிவிடக் கூடாது. மூன்று வாரம் கழித்து, உங்கள் தெருவைச் சுற்றி எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று அதே சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள். அவரும் உங்கள் ஊர்க்காரர்தான், நிச்சயம் சொல்வார். அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு நாலாவது மேசையைப் பற்றி யோசிக்கலாம்.